கடினமான பியானோ வாசிப்பைக் கேட்பதும் அதைப் பற்றிப் பேசுவதும் எப்படி

ஒரு கடினமான படைப்பைப் பியானோவில் ஒருவர் அசுர வேகத்தில் வாசித்து முடித்ததும் வாயில் முதலில் வருவது "வேற லெவல்", "சான்ஸே இல்லை", "இது விரலா மின்னலா?" என்பவற்றில் ஒன்றுதான். மனம் நிறைந்து சொல்வதில் தப்பில்லை. ஆனால் அதே வரியை வேறு எந்த வாசிப்புக்கும் அப்படியே தூக்கி ஒட்டிவிடலாம். வாசித்தவருக்கு அதிலிருந்து எதுவும் தெரியவராது. நாளைக்குக் கேட்கப் போகிறவருக்கும் ஒன்றும் கிடைக்காது. எந்த இடத்தில் எது காதில் விழுந்தது என்று சொன்னால் இருவருக்கும் உதவும். அதற்குப் பியானோ வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, காதை எங்கே வைப்பது என்று தெரிந்தால் போதும்.

உதாரணத்துக்குப் பெரும்பாலும் ஒரே படைப்பை எடுத்துக்கொள்வோம்: இசையமைப்பாளர் ஃபிரான்ஸ் லிஸ்ட் 1851-ல் வெளியிட்ட "லா காம்பனெல்லா". வயலின் கலைஞர் பகனினியின் இரண்டாவது வயலின் கன்செர்ட்டோவின் (ஒரு தனிக் கருவியும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) கடைசிப் பகுதியில் சின்ன மணி ஒலிக்கும் ஒரு மெட்டு உண்டு; அதைப் பியானோவுக்குக் கொண்டுவந்த எட்யூட், அதாவது பயிற்சிப் படைப்பு, இது. நாலரை, ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். பதிவுகளுக்குப் பஞ்சமில்லை என்பதால் ஒப்பிட்டுக் கேட்கவும் வசதி.

முதல் முறை, திரையைப் பார்க்காமல்

கண் காதை ஏமாற்றும். சியா-ஜுங் சாய் என்ற ஆய்வாளர் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், இசைப் போட்டிகளின் இறுதிச் சுற்றுப் பதிவுகளைக் கொடுத்து, வென்றவர் யார் என்று ஊகிக்கச் சொன்னார்கள். ஒலியை மட்டும் கேட்டவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஒருவரைக் கைகாட்டியதற்கு மேல் தேறவில்லை. ஒலியே இல்லாமல் படத்தை மட்டும் பார்த்தவர்கள் அதிகமாகச் சரியாகச் சொன்னார்கள். தொழில்முறை இசைக்கலைஞர்களும் இதற்கு விலக்கல்ல. தலையை ஆட்டுவதும், கையை உயரத் தூக்கி இறக்குவதும், முகத்தைச் சுளிப்பதும் நம் தீர்ப்புக்குள் அந்த அளவுக்கு நுழைந்துவிடுகின்றன.

அதனால் முதல் முறை கேட்கும்போது போனைக் கவிழ்த்து வையுங்கள். போனின் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். தாழ்ந்த ஸ்வரங்களை அது பாதி விழுங்கிவிடும். பிறகு "இடது கை சரியாகக் கேட்கவே இல்லை" என்று குறை சொன்னால் அது போனைப் பற்றிய விமர்சனமாகத்தான் இருக்கும். காதை மூடும் ஹெட்போன் நல்லது. ஒலியளவை நடுவில் வைத்துவிட்டு முடியும்வரை அதைத் தொடாதீர்கள்.

கையில் ஒரு துண்டுக் காகிதம் இருக்கட்டும். உடம்பு எங்கே பதில் சொல்கிறதோ அங்கே நேரத்தை மட்டும் குறியுங்கள்: 0:48, 2:10, 3:55. புல்லரிப்பு, மூச்சை இழுத்துப் பிடித்தது, தானாக வந்த சிரிப்பு, எதுவானாலும் சரி. சலிப்பு தட்டிய இடத்தையும் குறியுங்கள். பலரும் அதை விட்டுவிடுகிறார்கள், உண்மையில் அதுதான் பிறகு அதிகம் உதவும். ஏன் என்று இப்போதே எழுதப் போனால் அடுத்த முப்பது நொடி காதில் ஏறாது.

குறித்த இடங்களைப் பிறகு திரும்பிப் பார்க்கும்போது ஒரு விஷயம் கைகொடுக்கும். உளவியலாளர் ஜான் ஸ்லோபோடா 1991-ல் வெளியிட்ட ஆய்வின்படி, எதிர்பாராமல் ஹார்மனி (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களின் போக்கு) திரும்பும் இடங்கள் புல்லரிப்போடு அதிகம் சேர்ந்து வருகின்றன. ஒரு ஸ்வரம் சற்று உரசி நின்றுவிட்டுப் பக்கத்து ஸ்வரத்தில் இறங்கும் இடங்கள் கண்ணீரோடு சேர்ந்து வருகின்றன. அதாவது 2:10-ல் உங்களைப் புல்லரிக்க வைத்தது வாசித்தவராக இல்லாமல் லிஸ்ட்டாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. எது யாருடையது என்று பிரிக்க ஒரே வழி, அதே இடத்தை இன்னொருவர் வாசிப்பில் கேட்பது. அங்கேயும் புல்லரித்தால் பெருமை லிஸ்ட்டுக்கு. இங்கே மட்டும் என்றால் வாசித்தவருக்கு.

எது கஷ்டம், எது கஷ்டம்போல் கேட்பது

கேட்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். சத்தமும் வேகமும் சேர்ந்தால் கஷ்டம் என்று நம் காது முடிவுகட்டிவிடுகிறது. வாசிப்பவர்களின் கணக்கு வேறு.

நகத்தால் வெள்ளைக் கட்டைகளை ஒரே இழுப்பாக இழுக்கும் கிளிசாண்டோ கேட்பதற்கு அருவி கொட்டுவது போலிருக்கும். சாதாரணமாக அது அவ்வளவு பெரிய வித்தை இல்லை. பெடலை மிதித்தபடி கீழிருந்து மேலே ஓடும் ஆர்பெஜியோவும் (சேர்த்து அடிக்கக்கூடிய ஸ்வரங்களை ஒவ்வொன்றாக ஓட்டுவது) அப்படித்தான். பெடல் ஸ்வரங்களைப் பிடித்து வைத்துக்கொள்வதால் விரலின் சின்னச் சின்ன ஓட்டைகள் வெளியே தெரியாது. அடிக்கட்டைகளில் இரண்டு ஸ்வரங்களை மாற்றி மாற்றி உருட்டும் இடி முழக்கமும் மணிக்கட்டைச் சுழற்றத் தெரிந்தவருக்கு எளிது. கைதட்டல் மட்டும் இவற்றுக்குத்தான் முதலில் விழும்.

ஆனால் கிளிசாண்டோவிலேயே ஒரு விதிவிலக்கு உண்டு. பீத்தோவனின் "வால்ட்ஸ்டைன்" சொனாட்டா, ஓபஸ் (படைப்பு வரிசை எண்) 53, கடைசிப் பகுதியின் முடிவுக்கு அருகே ஒரே கையால் ஆக்டேவாக (எட்டு வெள்ளைக் கட்டை அகலத்தில்), அதாவது கட்டைவிரலும் சுண்டுவிரலும் ஒரே நேரத்தில் சறுக்க வேண்டிய கிளிசாண்டோக்கள் வருகின்றன. அதுவும் மிக மெல்லிய ஒலியில். பீத்தோவன் காலத்துப் பியானோவில் கட்டைகள் இலகுவானவை, அதிகம் அமுங்காதவை. இன்றைய பியானோவில் அதே இடம் கையைப் பதம் பார்க்கும். அதனால் சிலர் இரண்டு கைகளாலும் பிரித்து வாசிக்கிறார்கள். காதுக்கோ அது மூன்று நான்கு நொடிச் சலசலப்புதான், யாரும் "ஆ" என்று வாய் பிளப்பதில்லை.

இப்படிப் பாராட்டே விழாத கஷ்டங்களைத் தேடிக் கேட்கப் பழகுவதுதான் நல்ல ரசிகரின் முதல் பயிற்சி. ஷோபெனின் எட்யூட் ஓபஸ் 10, எண் 2 இதற்கு நல்ல இடம். வலது கையின் வலுக்குறைந்த மூன்று விரல்களும் இடைவிடாமல் அரைப்படி அரைப்படியாக ஏறி இறங்க வேண்டும்; அதே கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுநடுவே சின்ன கார்டுகளை (ஒரே நேரத்தில் சேர்த்து அடிக்கும் ஸ்வரங்கள்) தொட்டுவிட்டு விலக வேண்டும். ஷோபென் போட்டிருக்கும் வேகம் நிமிடத்துக்கு 144 தட்டு, தட்டுக்கு நான்கு ஸ்வரம். பெருக்கினால் நிமிடத்துக்கு 576, நொடிக்கு 9.6. இவ்வளவும் பெரும்பாலும் மென்மையான ஒலியில். கேட்பவருக்கு லேசான முணுமுணுப்பாகத் தெரியும், முடிந்ததும் கைதட்டலும் சுமாராகத்தான் வரும். லிஸ்ட்டின் "ஃபெ ஃபொலே" எட்யூடும் அப்படியே: வலது கையில் இரட்டை ஸ்வரங்கள் பறக்கும், ஒலி எழும்பவே கூடாது. சத்தமாக வாசித்தால் ஓரளவு தப்பித்துவிடலாம். மெல்ல வாசிக்கும்போதோ ஒவ்வொரு விரலின் எடை வித்தியாசமும் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்ப வேகமாக அடிப்பது வேறொரு வகை. ராவெல் 1908-ல் எழுதிய "காஸ்பார் த லா நுயி"யின் மூன்றாம் பகுதி "ஸ்கார்போ" இதற்குப் பேர் போனது. ரஷ்ய இசையமைப்பாளர் பாலகிரேவின் "இஸ்லாமே"யைவிடக் கடினமான ஒன்றை எழுத வேண்டும் என்றே ராவெல் முனைந்த படைப்பு அது. இங்கே விரலோடு கருவியும் ஒத்துழைக்க வேண்டும். 1821-ல் எரார் என்ற பியானோ தயாரிப்பு நிறுவனம் காப்புரிமை பெற்ற அமைப்பு வந்த பிறகுதான் கட்டை முழுக்க மேலே எழும்புவதற்குள் சுத்தியல் மறுபடி அடிக்கத் தயாரானது. இன்றைய கிராண்ட் பியானோக்களில் அதன் வழிவந்த அமைப்பு இருக்கிறது. சுவரோரம் நிற்கும் அப்ரைட் பியானோக்களில் சாதாரணமாக இருக்காது. ஆகவே அப்ரைடில் வாசித்த பதிவில் ஸ்வரங்கள் நடுநடுவே விழுங்கப்பட்டால் விரலைக் குறை சொல்வதற்கு முன் கருவியைப் பாருங்கள்.

இன்னொன்று, கை எண்ணிக்கை. 1830-களில் தால்பெர்க் என்ற பியானோ கலைஞர் மெட்டை நடுவில் இரண்டு கட்டைவிரல்களாலும் மாற்றி மாற்றி வாசித்து, மற்ற விரல்களால் மேலும் கீழும் ஆர்பெஜியோ ஓட்டுவார். மூன்று கை இருப்பதாகத் தோன்றும். 1837-ல் பாரிஸில் இவரையும் லிஸ்ட்டையும் ஒரே நிகழ்ச்சியில் வாசிக்க வைத்ததே பெரிய பரபரப்பு. இந்த வகைப் படைப்புகளில் ஒரு எளிய சோதனை: மெட்டை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே கேளுங்கள். ஆர்பெஜியோவுக்குள் மெட்டு மூழ்கி உங்கள் முணுமுணுப்பு அறுந்தால், விரல்கள் ஓடின, மெட்டு ஓடவில்லை என்று அர்த்தம். ராவெல் இடது கைக்கு மட்டும் எழுதிய கன்செர்ட்டோவையும் இதே மாதிரி திரை பார்க்காமல் கேட்டுப் பாருங்கள். முதல் உலகப்போரில் வலது கையை இழந்த பால் விட்கென்ஸ்டைனுக்காக எழுதப்பட்டது. நல்ல வாசிப்பில் ஒரே கை என்று காது நம்ப மறுக்கும்.

வேகத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டுமென்றால் அளந்து சொல்லுங்கள். போனில் மெட்ரோனோம் செயலி ஒன்றைத் திறந்து, தாளத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தட்டுத் தட்டினால் நிமிடக் கணக்கைக் காட்டும். தட்டுக்கு நான்கு ஸ்வரம் என்றால் நாலால் பெருக்கி 60-ஆல் வகுக்கவும். ஷோபென் ஓபஸ் 10, எண் 4-க்கு அவர் போட்ட வேகம் நிமிடத்துக்கு 176 தட்டுக்குச் சமம், நொடிக்கு 11.7 ஸ்வரம். ஒருவர் 160-ல் வாசித்தால் 10.7. வித்தியாசம் நொடிக்கு ஒரே ஒரு ஸ்வரம். காதால் அதை எண்ணவே முடியாது. ஆனால் 160-ல் ஒவ்வொரு ஸ்வரமும் பிரிந்து சமமாக விழுந்தால், 176-ல் குழம்பி ஓடும் வாசிப்பைவிட அது வேகமாகத் தோன்றும். "எவ்வளவு வேகம்!" என்று நீங்கள் வியந்தது பல நேரங்களில் தெளிவைப் பார்த்துத்தான்.

லா காம்பனெல்லாவில் காதை வைக்க வேண்டிய இடங்கள்

முதலில் அந்த மணி. மேலே டி ஷார்ப் என்ற ஸ்வரம் திரும்பத் திரும்ப ஒலிக்க, அதே வலது கை கீழே இறங்கி மெட்டின் ஸ்வரங்களைத் தொட்டுவிட்டு மறுபடி மேலே பாய வேண்டும். ஓர் ஆக்டேவின் அகலம் சுமார் 16.5 சென்டிமீட்டர். சில இடங்களில் பாய்ச்சல் இரண்டு ஆக்டேவ், அதாவது 33 சென்டிமீட்டர். வழக்கமான வேகத்தில் ஒரு ஸ்வரத்துக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஆறில் ஒரு நொடி. போய் விழ வேண்டியது கருப்புக் கட்டையின் மேல். அது கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் அகலம்தான். விரல் ஓரத்தில் வழுக்கினால் பக்கத்து வெள்ளைக் கட்டையும் சேர்ந்து ஒலிக்கும். மணிக்குப் பதிலாக ஒரு கீறல் கேட்கும். முதல் தடவையே அதைக் கண்டுகொள்வீர்கள்.

ஆனால் கீறல் விழாமல் வாசித்தாலே ஜெயித்துவிட்டார் என்றில்லை. தூரத்திலிருந்து வந்து விழும் கைக்கு வேகம் அதிகம், அதனால் மணி தேவைக்கு மேல் சத்தமாக அடிக்கும். அப்போது கீழே இருக்கும் மெட்டு அமுங்கிப்போகும். கேட்க வேண்டியது இவைதான்: மணி ஒவ்வொரு தடவையும் ஒரே அளவில் ஒலிக்கிறதா? மெட்டைவிட மெல்ல ஒலிக்கிறதா? மணி எப்படி அடித்தாலும் மெட்டு அறுபடாமல் பாடுகிறதா? மூன்றுக்கும் ஆம் என்று சொல்ல முடிகிற பதிவு நீங்கள் நினைப்பதைவிட அரிது.

அடுத்து லயம். பாய்ச்சலுக்கு முன்னால் இம்மி நேரம் தயங்குவது மனித இயல்பு. மெட்டின் ஒரு வாக்கியம் முடிகிற இடத்தில் தயங்கினால் மூச்சு வாங்குவது போல் அழகாக இருக்கும். ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் தயங்கினால் ஊஞ்சல் போன்ற ஆறு-எட்டுத் தாளம் நொண்டியடிக்கும். காலால் தாளம் போட்டுப் பாருங்கள். கால் அடிக்கடி அவருக்காகக் காத்திருக்கிறதென்றால், படைப்புக்காக அல்ல, பாய்ச்சலுக்காகத் தாமதிக்கிறார்.

நடுவில் நான்காம் விரலும் (மோதிர விரல்) ஐந்தாம் விரலும் (சுண்டுவிரல்) சேர்ந்து அடிக்கும் ட்ரில், அதாவது பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்கள் இரண்டை வேகமாக மாற்றி மாற்றி அடிப்பது, வரும். இரண்டுமே வலுக்குறைந்தவை; நான்காம் விரல் பக்கத்து விரல்களிலிருந்து தனியாக எழும்பவே சண்டித்தனம் செய்யும். ட்ரில் தொடங்கும்போது எல்லோருக்கும் நன்றாகத்தான் இருக்கும், பாதிக்குப் பிறகு கேளுங்கள். கை இறுகிவிட்டால் இரண்டு ஸ்வரங்களில் ஒன்று மெலிந்து, ட்ரில் வெறும் ரீங்காரமாகிவிடும்.

பிற்பகுதியில் இடது கை கிட்டத்தட்ட மூன்று ஆக்டேவ் தூரம் பாயும் இடமும் உண்டு. வலது கையையே கவனித்துக்கொண்டிருப்பதால் இதை யாரும் கேட்பதில்லை. ஒரு தடவை இடது கைக்காக மட்டும் முழுப் படைப்பையும் கேளுங்கள்.

கடைசிப் பக்கத்தில் ஆக்டேவுகளும் கார்டுகளும் முழு பலத்தில். கெட்டுப்போக மூன்று காரணங்கள்: அதற்குள்ளேயே பலம் தீர்ந்துபோய் ஒலி தட்டையாவது, தோளிலிருந்து இறக்காமல் முன்கையால் குத்தி ஒலி கட்டையாவது, பெடலை நேரத்துக்கு மாற்றாமல் கார்டுகள் ஒன்றோடொன்று கலங்குவது. நடுப்பகுதியிலேயே உச்சத்துக்குப் போனவருக்குக் கடைசியில் ஏற இடமிருக்காது. ஆரம்பத்தில் "என்ன இவ்வளவு அடக்கி வாசிக்கிறார்?" என்று நீங்கள் எண்ணியவர் கடைசியில் உங்களை நிமிர்ந்து உட்கார வைக்கக்கூடும்.

தப்பு ஸ்வரம் எவ்வளவு பெரிய தப்பு

எல்லாத் தப்பும் ஒரே எடை இல்லை. பாய்ச்சலின் முடிவில் பக்கத்துக் கட்டை உரசினால் அது சின்னக் கீறல், இசை அதைத் தாண்டிப் போய்விடும். நினைவு தவறி வேறொரு இடத்துக்குத் தாவினால் படைப்பின் கட்டுமானமே குலையும். தப்பே இல்லாமல் லயம் மட்டும் நழுவுவது இன்னொரு வகை. நம் கணக்கில் மூன்றில் மோசமானது இதுதான். "ஒரு தப்புக்கூட இல்லை" என்று பாராட்டிப் பழகிய காது இதைக் கவனிப்பதே இல்லை. பியானோ கலைஞர் ஆல்ஃப்ரெட் கோர்டோவின் பழைய பதிவுகளில் தப்பு ஸ்வரங்கள் ஏராளம். இன்றும் ஷோபெனுக்கு அவரைத் தேடிக் கேட்கிறார்கள் என்றால் அந்த மெட்டுகள் பேசும் விதத்துக்காகத்தான்.

ஸ்டுடியோ பதிவு என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். பல தடவை வாசித்ததில் நல்ல துண்டுகளை எடுத்து ஒட்டுவது வெகுகாலமாக நடப்பதுதான். நேரடிக் கச்சேரி என்று அட்டையில் போட்டிருந்தாலும் முழுக்க நம்பிவிட முடியாது. பியானோ கலைஞர் ஹோரோவிட்ஸ் பன்னிரண்டு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 1965 மே 9 அன்று நியூயார்க்கின் கார்னகி ஹாலில் மேடையேறினார்; தொடக்கத்திலேயே சில ஸ்வரங்கள் தவறின. அப்போது வெளிவந்த இசைத்தட்டில் திருத்தங்கள் செய்யப்பட்டிருந்தன. வெட்டாத, ஒட்டாத பதிவு 2003-ல்தான் வெளிவந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் துப்புரவான வாசிப்புக்கும் துடிப்பான வாசிப்புக்கும் உள்ள வேறுபாடு புரியும்.

காணொளிகளில் வேறு வகைப் புரட்டுகளும் உண்டு. வண்ணப் பட்டைகள் மேலிருந்து கட்டைகள்மேல் விழும் காணொளிகளில் பலவற்றுக்குப் பின்னால் ஆளே இல்லை, கணினி வாசிக்கிறது. ஸ்வரங்கள் எல்லாம் ஒரே அளவில் ஒலித்தால் அதுதான் அடையாளம். ஆள் இருந்து, வேகம் மட்டும் ஏற்றப்பட்டிருந்தால் விரலைப் பார்க்காதீர்கள். கண் சிமிட்டுவது, மூச்சில் தோள் எழுவது, சட்டைக் கையின் அசைவு ஆகியவற்றைப் பாருங்கள். அவையும் படபடவென்று நடந்தால் சந்தேகப்படலாம். கடைசிக் கார்டு இயல்புக்கு மாறாகச் சீக்கிரம் தேய்ந்து மறைவதும் ஒரு தடயம்.

இரண்டு பேரை ஒப்பிடும்போது

1. ஒலியளவைச் சமமாக்குங்கள். சற்றே சத்தமான பதிவு எப்போதும் "உயிரோட்டமாக"த் தோன்றும். இதைச் செய்யாத ஒப்பீடு செல்லாது.
2. முழுப் படைப்பையும் அடுத்தடுத்துக் கேட்காமல், முப்பது நொடித் துண்டு இரண்டோ மூன்றோ எடுத்து ஒரே இடத்தை இருவரிடமும் கேளுங்கள்.
3. வரிசையை மாற்றி மறுபடி கேளுங்கள். முதலில் கேட்டது "சரியான" வாசிப்பாகக் காதில் ஒட்டிக்கொள்ளும்.
4. மூன்றாவதாக, வேண்டுமென்றே மெதுவாக வாசிக்கும் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வேகமான இருவரும் எதை விழுங்கினார்கள் என்பதை அவர் காட்டிக்கொடுப்பார்.

மைக் பியானோவுக்குள் இருந்ததா, அரங்கின் நடுவில் இருந்ததா என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். அரங்கின் எதிரொலி அதிகமானால் பெடலை அளவாகப் போட்டவரும் குழப்பியதாகத் தெரியும். ஸ்வரக் குறிப்பு வேண்டுமானால் ஐ.எம்.எஸ்.எல்.பி. தளத்தில் காப்புரிமை தீர்ந்த படைப்புகள் இலவசமாகக் கிடைக்கும். ஸ்வரம் படிக்கத் தெரியாவிட்டாலும் புள்ளிகள் எங்கே நெருங்குகின்றன, எங்கே இரண்டு கையும் விலகி ஓடுகின்றன என்பது கண்ணுக்குத் தெரியும். அதற்கே பிரித்துப் பார்க்கலாம்.

எழுதும்போது

காகிதத்தில் குறித்த நேரங்களில் இரண்டு மூன்றை மட்டும் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரம், காதில் விழுந்தது, அது உங்களை என்ன செய்தது என்று வரிசையாகச் சொன்னால் போதும்.

"அருமையான வாசிப்பு, கடவுள் கொடுத்த விரல்கள்" என்பதற்குப் பதிலாக: "1:20-ல் மேலே மணி அவ்வளவு வேகத்திலும் மெல்லவே ஒலிக்கிறது, அதனால் கீழே மெட்டு தெளிவாகப் பாடுகிறது. இந்த மெட்டு இவ்வளவு சோகமானது என்று இப்போதுதான் கவனித்தேன்."

"ரொம்ப மெக்கானிக்கலாக இருக்கிறது" என்பதற்குப் பதிலாக: "2:30 முதல் 3:00 வரை நான்கு வாக்கியங்களும் ஒரே அளவு சத்தத்தில், ஒரே மாதிரி முடிகின்றன. அடுத்து என்ன என்ற எதிர்பார்ப்பு எனக்கு அங்கே அறுந்துவிட்டது." நேரத்தோடு எழுதிய இந்த வாக்கியத்தைப் படித்துவிட்டு ஒருவர் மறுக்கலாம், ஒப்புக்கொள்ளலாம், போய்க் கேட்டுப் பார்க்கலாம். "மெக்கானிக்கல்" என்ற ஒற்றைச் சொல்லை என்ன செய்வது?

சிலவற்றைத் தவிர்த்துவிடுங்கள். உடை, தலைமுடி, முகபாவம் ஆகியவை வாசிப்பில் சேராது. பெண் கலைஞர்களைப் பற்றிய கருத்துகளில் இந்த வியாதி அதிகம். "ஷோபென் இருந்திருந்தால் அழுதிருப்பார்" வகை வரிகளும் வேண்டாம், ஷோபென் என்ன செய்திருப்பார் என்று நமக்குத் தெரியாது. வாசிப்பது குழந்தை என்றால் இன்னும் கவனம் தேவை. "பெற்றோர் கொடுமைப்படுத்தியிருப்பார்கள்" என்பதும் "உலகையே ஆளப் போகிறான்" என்பதும் காதால் கேட்டவை அல்ல. வயதை ஒதுக்கிவிட்டு, கேட்டதை மட்டும் எழுதுங்கள். கைக்கு எட்டாத ஒரு கார்டைக் குழந்தை பிரித்து அடித்தால் அது தப்பில் சேராது. சின்னக் கைக்கு அதுதான் சரியான தீர்வு.

அரங்கில் எப்போது கைதட்டுவது

மொஸார்ட் 1778-ல் பாரிஸிலிருந்து தந்தைக்கு எழுதிய கடிதத்தில், தன் சிம்பொனி ஓடிக்கொண்டிருக்கும்போதே நடுவில் ஓர் இடத்துக்கு ரசிகர்கள் கைதட்டியதை மகிழ்ச்சியோடு சொல்கிறார். 1813-ல் பீத்தோவனின் ஏழாவது சிம்பொனி அரங்கேறியபோது இரண்டாம் பகுதியை மறுபடி வாசிக்க வைத்தார்கள். பகுதிகளுக்கு நடுவே மூச்சுவிடாமல் உட்கார்ந்திருக்கும் பழக்கம் பிற்பாடு வந்தது. இருந்தாலும் இன்று அதுதான் நடைமுறை. பல பகுதிகள் கொண்ட சொனாட்டாவில் கடைசிப் பகுதி முடியும்வரை காத்திருங்கள். நிகழ்ச்சித் தாளில் எத்தனை பகுதி என்று போட்டிருக்கும்.

பொய் முடிவுகள் சில உண்டு. வேபரின் "இன்விடேஷன் டு தி டான்ஸ்" இதில் பிரசித்தம்: வால்ட்ஸ் ஆரவாரமாக முடிந்துவிட்டதுபோல் நின்று, பிறகு மெல்லிய ஒரு முடிவுரை வரும். ஷோபெனின் நான்காவது பலாடிலும் பெரிய கார்டுகள் முழங்கி நின்று, அமைதியான சில கார்டுகள் வந்து, அதன் பிறகுதான் கடைசிப் புயல். அந்த அமைதிக்குள் கைதட்டல் புகுந்தால் வாசிப்பவருக்குப் பிடித்த பிடி நழுவும். லிஸ்ட்டின் பி மைனர் சொனாட்டா அரை மணி நேரம் கொந்தளித்துவிட்டு, அடியில் ஒற்றை மெல்லிய ஸ்வரத்தோடு அடங்கும். அங்கே முதல் ஆளாகக் கைதட்டுவது பெருமையில்லை. கட்டையைவிட்டுக் கை இறங்கி, பெடலிலிருந்து கால் எழுந்த பிறகு தட்டினால் எந்தப் படைப்பிலும் பிசகாது.

நிகழ்ச்சி முடிந்து கலைஞரைச் சந்திக்க வாய்த்தால் ஓர் இடத்தை மட்டும் சொல்லுங்கள்: "அந்த ட்ரில் கடைசிவரை தேயவே இல்லை." தினமும் எத்தனை மணி நேரம் பயிற்சி என்று கேட்காதீர்கள், எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். "நடுவில் ஒரு இடத்தில் தவறியது போலிருந்ததே?" என்பதும் வேண்டாம். அது உங்களுக்கு முன்பே அவருக்குத் தெரியும்.

எல்லோரும் கொண்டாடும் வாசிப்பு உங்களுக்குப் பிடிக்காவிட்டால்

அதற்கும் இடமுண்டு. 1980-ல் வார்சாவில் நடந்த ஷோபென் போட்டியில் ஈவோ போகோரெலிச் என்ற பியானோ கலைஞர் இறுதிச் சுற்றுக்கு முன்பே வெளியேற்றப்பட்டார். நடுவர்களில் ஒருவரான மார்த்தா ஆர்கெரிச் அதை எதிர்த்து நடுவர் குழுவிலிருந்தே விலகினார். ஒரே அறையில், ஒரே வாசிப்பைக் கேட்ட, வாழ்நாளெல்லாம் ஷோபென் வாசித்த காதுகள் அவை. பரிசை வென்றவர் டாங் தாய் சோன். அவர் வாசிப்புக்கும் ரசிகர்கள் குறைவில்லை.

எழுதுவதற்கு முன் ஒரு நாள் இடைவெளி விட்டு மறுபடி கேளுங்கள். சோர்வாக இருந்த காது, மோசமான ஹெட்போன், மனதில் முன்பே குடியிருக்கும் இன்னொருவர் வாசிப்பு என்று காரணம் வெளியே இருக்கலாம். மறுநாளும் அதே இடத்தில் அதே உறுத்தல் என்றால் தயங்காமல் எழுதுங்கள். நேரத்தைக் குறிப்பிட்டு, கேட்டதைச் சொல்லி, அந்த இடம் வேறு எப்படி ஒலித்திருந்தால் உங்களுக்கு ஏற்றிருக்கும் என்பதையும் ஒரு வரியில் சேருங்கள். அப்படி வாசித்த ஒரு பதிவைச் சுட்ட முடிந்தால் இன்னும் நல்லது. படிப்பவர் இரண்டையும் கேட்டு முடிவு செய்துகொள்வார்.